ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர்களின் கோயில்

பனையேறுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பாளையைக் காலையிலும் சாயங்காலமும் சீவிவிட வேண்டும். விட்டால் அது அடைத்துக்கொள்ளும், அப்புறம் சொட்டாது. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் எங்கள் தாத்தா ஏறிய நாற்பது மரங்களுக்கும் பத்துக் கட்டளையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கோயிலில் முதல் மணி அடிக்கும்போது தாத்தா ஏதாவது ஒரு மரத்தின் உச்சியில் இருப்பார். இரண்டாம் மணிக்குத்தான் கடைசி மரத்திலிருந்து இறங்குவார். பதநீரை, அதைக் காய்ச்சும் குடிசையான விடிலியில் ஆச்சியிடம் ஊற்றிவிட்டு, கிணற்றடியில் நாலு வாளி தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு அவர் கோயிலுக்குள் நுழையும்போது பிரசங்கம் பாதி ஆகியிருக்கும். அவரோடு இன்னும் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். எல்லாரும் பக்கவாசல் வழியாக வந்து கடைசிப் பாயில் உட்காருவார்கள். முன்பக்கம் வாத்தியார்மாரும் உபதேசியார் குடும்பமும். பின்னாலிருந்து சுண்ணாம்பும் பதநீரும் கலந்த ஒரு வாடை மெதுவாக முன்னே நகர்ந்து வரும். நெஞ்சிலும் முழங்கால் உள்பக்கத்திலும் மரம் தேய்த்துக் கறுத்துப்போன காய்ப்புகளோடு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர்களில் பாதிப் பேர் பிரசங்கம் முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே எழுந்தவர்கள், வேறென்ன செய்வார்கள்? அவர்களை எந்த ஐயரும் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கண்டித்து நான் பார்த்ததில்லை. ஒரு ஐயர், பருவம் முடிகிற வரைக்கும் ஆராதனையைப் பதினோரு மணிக்குத் தள்ளி வைத்தார். ஊரே அவரைத் தலைமேல் வைத்துக்கொண்டாடியது. வாத்தியார்மார் மட்டும் பசிக்கிறது என்று முணுமுணுத்தார்கள்.

எங்களுடையது இடையன்குடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். சேகரத்துத் தலைக்கோயில் இடையன்குடியில். எங்களுக்கென்று ஓடு போட்ட ஒரு சிறு கோயில் இருந்தாலும், பெரிய பண்டிகைகளுக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கும் மணலில் நடந்து இடையன்குடிக்குத்தான் போவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி, கடல் கூப்பிடு தூரம். பனையும் உடைமரமும் தவிர வேறு எதுவும் தானாக முளைக்காத நிலம். அந்த மணலுக்கு நடுவே கூர்வளைவு ஜன்னல்களோடு கோத்திக் பாணியில் நிற்கும் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை முதன்முதலில் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், வழி தவறி வேறெங்கோ வந்துவிட்டோமோ என்பதுபோல் முழிப்பார்கள். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

தமிழ்நாட்டுக்கு இடையன்குடி என்றால் கால்டுவெல். அயர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்த ராபர்ட் கால்டுவெல் 1838 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கினார். 1841-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு, தஞ்சாவூர், திருச்சி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை என்று சுற்றி, பெரும்பாலும் கால்நடையாகவே இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். வழியெல்லாம் சனங்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வரவேண்டும் என்பதற்காக நடந்தார் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பக்கத்திலிருக்கும் திசையன்விளைக்கு நடப்பதற்கே எங்களுக்கு அழுகை வந்தது.

ஆனால் அவர் வந்தபோது இங்கே சபை இருந்தது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வது வழக்கம், ஏனென்றால் மேடைப் பேச்சுகளில் எப்போதும் அவர் வெறும் மணலில் வந்து நின்றதுபோலத்தான் கதை தொடங்கும். பாளையங்கோட்டையில் 1780-ல் நாற்பது பேர் கொண்ட முதல் சபைப் பட்டியல் எழுதப்பட்டது. அதன் தலையில் இருந்த பெயர் குளோரிந்தாள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த மராத்திப் பிராமண விதவை. அவர் கட்டுவித்த சிறு கோயில் 1785-ல் எழும்பியது. 1799-ல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியால் முதலூர் உண்டானது. ஊர்களில் அடிவாங்கிக்கொண்டிருந்த புதுக் கிறிஸ்தவர்கள் ஒரே இடத்தில் குடியேறிப் பிழைத்த கிராமம் அது. அடுத்த சில வருஷங்களில் தேரிக்காட்டு ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம் நீண்ட காலம் சபைகளை நிரந்தரமாகக் கவனிக்க மிஷனெரி யாரும் இல்லை. காய்ச்சலும் பஞ்சமும் வந்தன. சிலர் பழைய சாமிகளிடமே போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களை ஓலைக் கூரைக்குக் கீழே உட்காரவைத்துக் காப்பாற்றியவர்கள் உபதேசிமார். அவர்களில் பலருடைய பெயர்கூட எங்கும் இல்லை. கால்டுவெல்லுக்குக் கிடைத்தது மெலிந்த சபைதான். ஆனால் உயிரோடிருந்த சபை.

கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது 1847-ல். பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6-ந் தேதி. முப்பத்து மூன்று வருஷம். இதே கட்டுமானக் காலத்தின் நடுவே, 1856-ல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது. உலகமே பேசுகிற ஒரு புத்தகத்தை அதற்குள் எழுதி முடித்தவருக்குக் கோயிலைக் கட்டி முடிக்க ஏன் இத்தனை காலம் என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டேன். "புஸ்தகத்துக்கு ஒரு ஆளு போதும்லா?" என்றார். பணம் வரும்போது சுவர் ஏறியது, வராதபோது நின்றது. சீமையிலிருந்து நன்கொடை வந்தது உண்மைதான். அதோடு இங்கிருந்தும் போயிற்று: கருப்பட்டி, ஓலை, சுண்ணாம்பு நீற்றுகிற கூலி, மண் சுமக்கிற கூலி. கொத்தனார்களுக்கு அந்த மாதிரி ஜன்னலைக் கண்ணால் பார்த்த பழக்கமே இல்லை. கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து கையில் கொடுத்தார், அதைப் பார்த்து அவர்கள் கட்டினார்கள் என்பது ஊரில் எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. சாந்தில் கருப்பட்டித் தண்ணீர் ஊற்றித்தான் குழைத்தார்கள் என்று ஆச்சி சொல்வாள். சிறு பையனாக நான் ஒருநாள் யாரும் பார்க்காதபோது சுவரை நக்கிப் பார்த்தேன். இனிக்கவில்லை.

கோயில் முடிவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-லிருந்து 78 வரை தென்னாட்டையே வறட்டிப் போட்ட பஞ்சம். மழை பொய்த்தால் பனையும் வற்றும் என்பது நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மிஷன் கஞ்சி ஊற்றியது, வேலை கொடுத்தது. கால்டுவெல்லும் இன்னொரு மிஷனெரியான சார்ஜென்ட்டும் 1877-ல் உதவி அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்ற சமயம் அது. அந்த இரண்டு வருஷத்தில் கூட்டங்கூட்டமாக ஊர்கள் சபையில் சேர்ந்தன. எங்கள் குடும்பம் வந்ததும் அப்போதுதான்.

பழைய குடும்பங்கள் இதைச் சொல்லிக்காட்டத் தவறியதில்லை. கல்யாணப் பேச்சில் கொடுக்கல் வாங்கல் இடறும்போது, "என்ன இருந்தாலும் அவுக பஞ்சத்துல வந்தவுகதானே" என்று ஒரு குரல் எங்கிருந்தோ வரும். அப்பாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எனக்கு வந்ததில்லை. பட்டினியில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய வாசலில் அவன் நின்றுவிட்டான் என்றால் அதில் கேவலம் என்ன இருக்கிறது? பஞ்சம் முடிந்த பிறகும் ஏன் போகவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப்படுகிறது.

பள்ளி வாத்தியாராகி ஊருக்குத் திரும்பிய பிறகு, சபையின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஐயரிடம் அனுமதி வாங்கி ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். பூச்சி அரித்த ஓரம், பழுப்பேறிய மை. பழைய பெயர் ஒரு கட்டத்தில், புதுப் பெயர் அடுத்த கட்டத்தில். தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல்: பனையேற்று, பனையேற்று, பனையேற்று. சில பக்கங்களில் எழுதியவருக்கே அலுத்துப்போய் மேலே எழுதியதையே கொள்க என்று இரண்டு கோடு மட்டும் போட்டிருந்தார். என் பாட்டனாரின் தகப்பனாரும் அந்த இரண்டு கோடுதான். சில தலைமுறை தள்ளி அதே பதிவேட்டில் அந்தக் கட்டத்துக்குள் 'உபாத்தியாயர்', 'கம்பவுண்டர்', 'ரயில்வே குமாஸ்தா', 'கொழும்பில் வியாபாரம்' என்று எழுத்து மாறத் தொடங்குகிறது. ஊருக்கு எந்த வருஷத்தில் பள்ளிக்கூடம் வந்தது என்பதைப் பதிவேட்டைப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதி, கால்டுவெல்லின் மனைவி எலைசாவுடையது. நாகர்கோவில் மிஷனெரி சார்லஸ் மால்ட்டின் மகள். அங்கேயே வளர்ந்தவர் என்பதால் சனங்களின் தமிழ் அவருக்கு வாயில் இருந்தது. 1844-ல் கல்யாணமாகி வந்தவர், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினார். நாகர்கோவிலில் தன் தாயார் தொடங்கியிருந்த லேஸ் பின்னலை இங்கேயும் கொண்டுவந்தார். ஆச்சியின் தாயாரும் அவளுடைய சிற்றம்மைமாரும் அதில் கை தேர்ந்தவர்கள். ஆச்சி எனக்குக் காட்டியிருக்கிறாள்: மடியில் ஒரு உருண்டைத் தலையணை, அதன்மேல் புள்ளி குத்திய அட்டை, புள்ளிக்கொரு குண்டூசி, நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டைகள். இரண்டு கட்டையை எடுத்து மாற்றிப் போட்டு, முறுக்கி, ஊசி குத்தி, அடுத்த இரண்டு. டிக் டிக் என்று கட்டைகள் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அரை நாள் உட்கார்ந்தால் ஒரு விரல் நீளம் வரும். பதநீர் காய்ச்சிய கையால் வெள்ளை நூலைத் தொட விடமாட்டார்கள். அரப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார வேண்டும். பின்னியது அத்தனையும் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் ஒரு முழம்கூட மிச்சமில்லை. காசு மட்டும் வீட்டுக்கு வந்தது. அதுவும் பொம்பிளை கையில் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனிடம் குரலை உயர்த்திப் பேசத் தொடங்கியது அந்தக் காசு வந்த பிறகுதான் என்பது ஆச்சியின் கட்சி.

மலர் வேலையில் தகராறு வந்தது 1849-ஆம் வருஷத்தைத் தொட்டபோது. இடையன்குடிக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தபோது கால்டுவெல் ஆங்கிலத்தில் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்று ஒரு சிறு புத்தகம் எழுதினார். சீமையிலுள்ளவர்கள் படித்துக் காணிக்கை அனுப்ப வேண்டும் என்பது நோக்கம். தன் சபையில் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான் எழுதினார். அறிவிலும் நாகரிகத்திலும் தாழ்ந்தவர்கள், பேய்களை வணங்குகிறவர்கள், இலங்கையிலிருந்து குடியேறி வந்தவர்கள் என்ற தொனியில் எழுதினார். முதல் தலைமுறைக்கு ஆங்கிலம் தெரியாது. மிஷன் பள்ளியில் படித்த அடுத்த தலைமுறைக்குத் தெரிந்தது. படித்தார்கள், கொதித்தார்கள். அதற்கு முன்பே மிஷனெரிகளோடு மோதி வெளியேறி, 1857-ல் வெள்ளைக்காரத் தலைமை இல்லாத இந்து கிறிஸ்தவச் சபையைத் தொடங்கியிருந்த சட்டம்பிள்ளை இந்தப் புத்தகத்துக்கு எதிராகவும் கடுமையாக எழுதினார். 1880-களில் எதிர்ப்பு முற்றியது. கால்டுவெல் புத்தகத்தைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார்.

கல்லூரிக் காலத்தில் ஒரு நூலகத்தில் அதைத் தேடிப் பிடித்துப் படித்தபோது எனக்குக் காது மடல் சுட்டது. தாத்தாவைப் பற்றி யாரோ அவர் முதுகுக்குப் பின்னால் பேசியதைக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. லீவுக்கு வந்ததும் தாத்தாவிடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவர் கடுப்பாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு, "மரம் ஏறத் தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டாரு" என்றார். பிறகு, "பள்ளிக்கூடமும் அவரு வச்சதுதானடா. அதனாலதான நீ அதப் படிச்ச" என்றார். நான் அந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்க இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன். ஒப்பிலக்கணம் எழுதியவருக்கு 1968-ல் மெரினாவில் சிலை வைத்தார்கள், 2010-ல் அஞ்சல்தலை வெளியிட்டார்கள். எல்லாம் சரி. அந்தச் சிறு புத்தகத்தையும் எழுதிய கைதான் அது. இரண்டையும் சொல்லாத வரலாறு எனக்கு வரலாறாகப் படவில்லை.

மலர்க் குழுவுக்கு அப்படிப் படவில்லை. "பண்டிகை மலர்ல எதுக்கு வாத்தியாரே இதெல்லாம்?" என்றார் ஒருவர். "வெளியூர்லேர்ந்து ஆளு வருவாங்க" என்றார் இன்னொருவர். நான் அந்தப் பகுதியை எடுத்தால் கட்டுரையே இல்லை என்றேன். கடைசியில் அச்சாயிற்று, ஆனால் ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு எதிர்ப்பக்கத்தில், பொடி எழுத்தில். படித்ததாக யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஒரே ஒருவர், துபாயில் வேலை பார்க்கும் ஒரு பையன், நள்ளிரவில் போன் பண்ணி, "சார், இது உண்மையா?" என்று கேட்டான்.

கால்டுவெல் 1891 ஆகஸ்ட் 28-ந் தேதி கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிவரை கொண்டுவந்து பீடத்துக்குக் கீழே அடக்கம் செய்தார்கள். நற்கருணைக்கு முழங்கால் போடும்போதெல்லாம் சின்ன வயதில் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும். அப்பத்தை வாயில் வாங்கிக்கொண்டு கீழே பார்க்காமல் எழுந்து ஓடிவிடுவேன்.

இடையில் எத்தனையோ மாற்றங்கள். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு மிஷன்களின் கோடு மட்டும் நெடுங்காலம் அழியவில்லை. நாங்களும் நாசரேத்தும் முதலூரும் சாயர்புரமும் எஸ்.பி.ஜி.; மெய்ஞ்ஞானபுரமும் டோனாவூரும் நல்லூரும் சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபைதான். ஆனாலும் பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்துக்குப் பதில் இதைத்தான் விசாரிப்பார்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி, எத்தனையோ சபைப் பிரிவுகள் ஒன்றாகிவிட்டன. எங்கள் பெரிய அத்தைக்கு அந்தச் செய்தி கடைசிவரை எட்டவில்லை. "அவுக சி.எம்.எஸ்., சாமி கும்பிடுறதுல கொஞ்சம் அவசரக்காரங்க" என்பாள். திருமண்டலத் தேர்தல்கள் வந்த பிறகு ஒரே தெருவில் இரண்டு அணி. அண்ணனும் தம்பியும் சமாதானம் சொல்லிக் கைகுலுக்க வேண்டிய இடத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை.

கைப்பிடி அரிசியைப் பற்றி எழுதலாம். உலையில் அரிசி போடும்முன் ஒரு கை அள்ளி, அடுப்படி மூலையில் தொங்கும் ஓலைக்கொட்டானில் போட்டுவிடுவாள் ஆச்சி. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் போடுவாள். அன்றைக்குக் கை சின்னதாகிவிடும், அவ்வளவுதான். மாதக் கடைசியில் கொட்டானைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அந்த அரிசியை விற்ற காசு எங்கே போகிறது என்று கேட்டால், "டோர்னக்கல்லுக்கு" என்பாள். அவளுக்கு டோர்னக்கல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. மெய்ஞ்ஞானபுரம் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரரான அசரியாவும் அவருடைய நண்பர்களும் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். 1912-ல் அசரியா அங்கேயே அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய அத்தியட்சர். அறிவில் தாழ்ந்தவர்கள் என்று எழுதப்பட்டவர்களின் வீட்டிலிருந்து ஐம்பது அறுபது வருஷத்தில் அரிசி வடக்கே போகத் தொடங்கியது. மலர்க் கட்டுரையில் நான் மிகவும் ரசித்து எழுதிய பத்தி இதுதான். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு எங்கள் ஊரில் பனையேறுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆராதனை சரியாகக் காலை எட்டரைக்குத் தொடங்குகிறது. தாமதமாக வருகிறவர்கள் காரில் வருகிறார்கள். பாயெல்லாம் போய் பெஞ்சு வந்தாயிற்று. ஆனால் அசனம் மட்டும் நிற்கவில்லை. பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள், ஊருக்கே சாப்பாடு. சாதி மதம் கேட்காமல் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருவார்கள். சென்னை, மும்பை, கோவையில் இருக்கிற பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுவார்கள். முன்பெல்லாம் முந்தின ராத்திரியே வேலை தொடங்கிவிடும். நேர்ந்துவிட்ட கிடாக்கள் ஒரு பக்கம், கத்தரிக்காய் நறுக்கும் பெண்கள் ஒரு பக்கம், வார்ப்பில் துடுப்புப் போடும் ஆண்கள் ஒரு பக்கம். வெந்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோல் கொட்டி வெள்ளை வேட்டியால் மூடி வைப்பார்கள். ஐயர் வந்து ஜெபம்பண்ணிய பிறகுதான் வேட்டியை எடுக்க வேண்டும். ஆவி குப்பென்று எழும்பும். நாங்கள் ஆமென் சொல்வதற்கு முன்பே பந்திக்கு ஓடியிருப்போம்.

போன வருஷம் சமைக்க ஆளில்லை என்று திசையன்விளையிலிருந்து சமையல்காரரை வரவழைத்தார்கள். கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: சமையல் அவருடையது, அரிசி மட்டும் வழக்கம்போல் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வாங்க வேண்டும். வாங்கிக் கோயில் வராந்தாவில் குவித்தார்கள். சமையல்காரர் வந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். ரேஷன் புழுங்கல், பொன்னி, பச்சரிசி, புது அரிசி, பழைய அரிசி, யாரோ ஒருவர் வீட்டுப் பாசுமதிகூட.

"இத எப்படிண்ணே வேகவைக்க? ஒண்ணு வேகும்போது ஒண்ணு கொழைஞ்சிரும்" என்றார்.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பழைய சமையல் பெரியவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"எல்லா வருசமும் அப்படித்தான் தம்பி வெந்துது. தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."